சித்திரக்கதை ஏடுகளும் அவற்றின் மூலத்தாள்களும்

உலகில் மக்கள் விரும்பித் தொகுக்கும் பொருள்கள் பலவாம். அஞ்சல்தலை தொகுப்பார் சிலர். பழங்காசு தொகுப்பார் சிலர். தீப்பெட்டியின்மேல் ஒட்டிய படங்களைத் தொகுப்பாரும் உளர். இம்மூவகையாரும் நம் கல்லூரி விடுதியிலேயே இருக்கின்றனர். அவரை ஒருவரும் நகைத்ததாக யான் கண்டிலேன். யான் தொகுப்பது யாதென்று வினவி, விடை கேட்டபின் நகையாதிருந்தவரோ இதுகாறும் இருவரே. ஒருவர் எம் தமிழ்ப் பேராசிரியர். மற்றவர் என் தாய்மாமன்.

யான் தொகுப்பன அமெரிக்க நாட்டுச் சித்திரக்கதை ஏடுகள். வானிற் பறப்பாரும், சுவரைப் பற்றி ஏறுவாரும், முகமூடி அணிந்து நள்ளிரவில் நகர்காவல் புரிவாருமாகிய பெருவீரர்களின் கதைகளே அவை. தொல்காப்பியமும் நன்னூலும் கற்றுத் தேர்வெழுத வேண்டிய தமிழ் ஆனர்ஸ் மாணவன் இவற்றைப்பற்றி ஆண்டுமலரில் எழுதப் புகுந்தது தகுமோ என ஐயுறும் அன்பர்கள் சற்றே பொறுத்தருள்க. அச்சிட்ட ஏடுகளைக்காட்டிலும், அவை அச்சேறுமுன் ஓவியர் தம் கையால் வரைந்த மூலத்தாள்களைப்பற்றியே யான் மிகுதியும் சொல்லக் கருதுகின்றேன். அத்தாள்கள் யாருடையவை என்னும் வினா நாற்பது ஆண்டுக்கு முன்னர் அமெரிக்காவில் பெரும் பூசலாய் எழுந்தது. சென்ற ஆண்டு என் மாமாவுக்கும் எனக்கும் இடையிலும் எழுந்தது.

இவ்விருப்பம் எனக்கு நேரே அமெரிக்காவிலிருந்து வந்ததன்று. 1972-ஆம் ஆண்டில் சிவகாசியிலிருந்து வெளிவரத் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் இதழ் ‘இரும்புக்கை மாயாவி’. மின்சாரம் உடம்பிற் பாய்ந்தவுடன் இரும்புக் கையொன்று நீங்கலாக ஏனைய உறுப்பெல்லாம் கண்ணுக்குப் புலனாகாது மறையும் அம்மாயாவி உண்மையில் இங்கிலாந்துக் கதைமாந்தன். அவனை வரைந்தவருள் தலையாயவர் ஹெசூஸ் பிளாஸ்கோ என்னும் ஸ்பெயின் நாட்டு ஓவியர். சிறுவனாயிருந்தபோது யான் இதை அறியேன்; அவனை எம் ஊர்ப்பக்கத்தான் என்றே நம்பியிருந்தேன். மாமா தம் இளமையிற் சேர்த்த அவ்விதழ்கள் பாட்டியார் வீட்டு மரப்பெட்டியொன்றிற் கிடந்தன. மாமா கணிப்பொறித் துறையில் வேலை பெற்று அமெரிக்காவில் ஒகையோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரிற் குடியேறியபின் அப்பெட்டி என் ஆட்சிக்கு வந்தது. விடுமுறைக்கு வருந்தோறும் அவர் ஆங்கில ஏடுகள் நாலைந்து கொணர்ந்து தருவார். இவ்வாறு சேர்ந்தவை இன்று இருநூற்றுக்குச் சிறிது குறையும். அவற்றுள் பெருவிலை பெறத்தக்கது ஒன்றேனும் இல்லை. ஆதலின் என் தொகுப்பைப்பற்றி இதற்குமேற் சொல்லுதற்கு ஒன்றுமில்லை.

மாமா வாழும் ஒகையோ மாநிலமே பெருவீரர் கதைகளுக்குப் பிறந்தகம் எனலாம். அம்மாநிலத்துக் கிளீவ்லாந்து நகரில் உயர்நிலைப்பள்ளியிற் பயின்ற ஜெரி சீகல், ஜோ ஷூஸ்டர் என்னும் நண்பர் இருவரே சூப்பர்மேனைப் படைத்தவர். சீகல் கதை எழுதுவார். ஷூஸ்டர் படம் வரைவார். 1933-இல் அவர்கள் முதன்முதல் இயற்றிய சித்திரக்கதையை ஏற்பார் ஒருவரும் இலராக, மனமுடைந்த ஷூஸ்டர் அத்தாள்களைத் தீயிலிட்டார் என்றும், சீகல் விரைந்து எடுத்தமையால் மேலட்டை ஒன்றே தப்பியது என்றும் கூறுவர். இக்கலையின் வரலாறு மூலத்தாள் எரிந்ததிலிருந்தே தொடங்குகின்றது போலும்!

பின்னர் 1938 ஜூன் மாதம் எனப் பொறித்து வெளிவந்த ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழில் சூப்பர்மேன் உலகத்துக்கு அறிமுகமானான். இதழின் விலை பத்து சென்ட். பதின்மூன்று பக்கக் கதைக்குப் பக்கத்துக்குப் பத்து டாலராக 130 டாலர் கொடுத்துப் பதிப்பகத்தார் அவ்வீரன்மேல் உள்ள உரிமை முழுவதையும் எழுதி வாங்கிக்கொண்டனர். வேறு சில கதைகளுக்குரிய கூலியையும் சேர்த்து 412 டாலருக்கு ஒரே காசோலையாக அத்தொகை கொடுக்கப்பட்டது. அக்காசோலையில் இருவர் பெயரும் பிழைபட எழுதப்பட்டிருந்தன. 2012-இல் அது ஏலத்துக்கு வந்து 1,60,000 டாலருக்கு விலைபோயிற்று. ஷூஸ்டரோ கண்ணொளி குன்றி வறுமையுற்று வாழ்ந்தார். 1975-இல் ஜெரி ராபின்சன், நீல் ஆடம்ஸ் முதலான ஓவியர்கள் நாடறிய எடுத்துரைத்த பின்னரே இருவருக்கும் ஆண்டுக்கு 20,000 டாலர் உதவித்தொகையும், தாம் படைத்த வீரனின் கதைமுகப்பில் தம் பெயர் காணும் பேறும் கிடைத்தன. ஷூஸ்டர் வாழ்ந்த வீடு இப்போது இல்லை. அவ்விடத்து வேலியில் அம்முதற் கதையின் படங்களைப் பெரிதாக்கிப் பொருத்தியிருக்கின்றனர். மாமா இரண்டு மணிநேரம் காரோட்டிச் சென்று அவ்வேலியைப் படமெடுத்து எனக்கு அனுப்பினார். திருத்தலம் ஒன்றிற்குப் போய்வந்தவர்போல் அன்று முழுதும் பேசிக்கொண்டிருந்தார் என்று அத்தை பிறகு கூறக் கேட்டேன்.

அவ்விதழ் ஏறத்தாழ 2,00,000 படிகள் அச்சாயிற்று என்பர். இன்று எஞ்சியவை நூறளவில் இருக்கலாம் எனக் கணிக்கின்றனர். மற்றவை யாண்டுப் போயின? சிறுவர் படித்துக் கிழித்தவை பல. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பழந்தாளை நாட்டுக்கு நன்கொடையாக அளிக்குமாறு வீடுதோறும் கேட்டபோது, மூட்டை மூட்டையாகப் போய்க் கூழானவை எண்ணில. அதன்பின் வந்தது மற்றொரு கேடு. சித்திரக்கதைகள் சிறாரைக் கெடுக்கின்றன என்று அஞ்சி, 1948-ஆம் ஆண்டளவில் அமெரிக்க ஊர்கள் சிலவற்றில் அவ்வேடுகளைக் குவித்துத் தீமூட்டினர். அவ்வாறு மூட்டியவருள் நம் சமயத்தார் நடத்திய பள்ளிகளின் மாணாக்கரும் இருந்தனர் என்பதை மறைப்பதற்கில்லை. 1954-இல் பிரெடரிக் வெர்தாம் என்னும் மனநோய் மருத்துவர் இவ்வேடுகளைக் கண்டித்துப் பெருநூல் ஒன்று வெளியிட்டார்; அமெரிக்க மேலவையின் குழுவொன்றும் விசாரணை நடாத்திற்று. அவ்வாண்டிலேயே பதிப்பகத்தார் தமக்குத் தாமே கட்டுப்பாடு விதித்துத் தணிக்கைக் குழுவொன்று நிறுவினர். அதன் முத்திரை மேலட்டைகளினின்று முற்றும் மறைந்தது 2011-இல். கொடுமையையே காட்டிப் பிழைத்த ஏடுகளும் அக்காலத்தில் இருந்தன. வெர்தாம் கூறியது முழுதும் பொய்யென்று யான் சொல்லேன். ஆயினும் நூலைத் தீயிலிடும் கை எதுவாயினும் அதனைக் காண எனக்கு அச்சமாயிருக்கின்றது.

இத்துணை அழிவுக்கிடையே ஒருவர் காத்தார். கொலராடோ மாநிலத்து டென்வர் நகரில் எட்கார் சர்ச் என்றொருவர் இருந்தார். விளம்பரப் படங்கள் வரைந்து வாழ்ந்தவர். பிற்காலத்தில் விலையேறுமென்று எதிர்பார்த்து அவர் ஏடுகளைச் சேர்த்தாரல்லர். உருவங்கள் வரைதற்கு முன்மாதிரியாக உதவுமென்று 1930-களின் பிற்பகுதி தொடங்கி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வாங்கி வாங்கி அடுக்கினார். மலைநாட்டின் வறண்ட குளிர்காற்று அவற்றை வாடாமற் காத்தது. 1977-இல் அவ்வீட்டைக் காலிசெய்யப் புகுந்த குடும்பத்தார் ஏடுகளை அகற்ற விரும்ப, சக் ரொசான்ஸ்கி என்னும் இளவணிகர் அவற்றை விலைக்குக் கொண்டார். பதினாயிரத்தினும் மிக்க அவ்வேடுகள் நேற்று அச்சானவைபோல் வெள்ளைத்தாளோடு இருந்தனவாம். இன்றும் தொகுப்பாளரிடையே ‘சர்ச் படி’ என்றால் அதற்குத் தனி மதிப்பு.

விலையைப்பற்றிச் சொல்லாது விடின் அன்பர்கள் ஒப்பார். 2024-இல் ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழின் படியொன்று அறுபது இலட்சம் டாலருக்கு ஏலம்போயிற்று. 2025 நவம்பரில், 1939-இல் வெளிவந்த ‘சூப்பர்மேன்’ முதல் இதழ் 91 இலட்சத்து 20 ஆயிரம் டாலர் பெற்றது. அது காலஞ்சென்ற தாயின் வீட்டுப் பரணில் பழைய செய்தித்தாள்களுக்கு அடியிற் கிடந்து அவர் மைந்தர் மூவர்க்குக் கிடைத்தது. இச்செய்தி வந்த நாளில் எம் விடுதி நண்பர் பலர் என் அலமாரியைப் புதுக்கண் கொண்டு நோக்கினர். ஓரிருவர் தத்தம் வீட்டுப் பரணை நினைந்தனர்.

ஏட்டின் நிலைமையை அளந்து அரை முதல் பத்து வரை மதிப்பெண் இடும் நிறுவனம் ஒன்று 2000-ஆம் ஆண்டு முதல் நடைபெற்று வருகின்றது. மூலை மழுங்கியதா, தைத்த கம்பி துருப்பிடித்ததா, தாள் பழுப்பேறியதா என்றெல்லாம் நோக்கி மதிப்பெண் இட்டு, ஏட்டைக் கெட்டியான பிளாஸ்டிக் பெட்டியுள் இட்டு மூடிவிடுவர். பெட்டியை உடைத்தால் மதிப்பெண் போம். ஆதலின் உள்ளிருக்கும் கதையை அதன்பின் எவரும் படியார். பொய்யும் புனைசுருட்டும் மலிந்த சந்தையில் இம்முறையால் வாங்குவோர்க்குப் பாதுகாப்பு உண்டென்பதை ஒப்புகின்றேன். எனினும், படிக்கலாகாத புத்தகத்தைப் புத்தகமென்று சொல்ல என் நா எழவில்லை. என்னுடையவற்றைப் பாலியெஸ்டர் உறைகளில் இட்டு, பின்னே அமிலமற்ற அட்டை வைத்து, மாதந்தோறும் ஒருமுறை வெளியில் எடுத்துக் காற்றாட வைக்கின்றேன். மலிவான மரக்கூழ்த்தாள் தானாகவே பழுத்து ஒடியும் இயல்பினது. அதன்மேல் எம் கடற்கரையூரின் ஈரக்காற்றும் இராமபாணப் பூச்சியும் சேர்ந்தால் கேட்கவேண்டுமோ?

இனி மூலத்தாளுக்கு வருவோம். அச்சிட்ட ஏடு ஆயிரக்கணக்கிற் பிறப்பது. மூலத்தாள் ஒன்றே ஒன்று. முதலில் ஓவியர் ஒருவர் கெட்டியான வெள்ளை அட்டையில் பென்சிலாற் படம் வரைவார். அடுத்து எழுத்தர் பேச்சுக் குமிழிகளில் சொற்களை எழுதுவார். அதன்பின் மை பூசுவோர் தூரிகையும் எஃகு முனைப் பேனாவும் கொண்டு பென்சிற் கோட்டின்மேல் கருமை ஏற்றி, எஞ்சிய பென்சிலை அழிப்பார். பிழை நேர்ந்த இடத்தில் வெள்ளைச் சாயம் பூசி மீண்டும் வரைவர். சொல் மாறினால் சிறு தாள்துண்டில் எழுதி மேலே ஒட்டுவர். அக்காலத்துப் புகைப்படக் கருவிக்கு வெளிர்நீலம் புலப்படாது. ஆதலின் குறிப்பெழுத நீலப் பென்சிலே வழங்கினர். வண்ணமோ மூலத்தாளில் ஏறுவதேயில்லை. வேறு படியில் வண்ணங் குறித்து அச்சகத்துக்கு அனுப்புவர். இதனை அறியாதார் மூலத்தாளை முதன்முறை கண்டு, வண்ணம் எங்கே என்று ஏமாறுவதுண்டு. 1960-களின் பிற்பகுதி வரை தாள்கள் அச்சுப்பக்கத்தைப்போல் ஏறத்தாழ இருமடங்கு நீள அகலம் உடையனவாயிருந்தன. பின்னர்ப் பதினொன்றுக்குப் பதினேழு அங்குலமாகச் சுருங்கின.

புகைப்படம் எடுத்து அச்சானவுடன் அம்மூலத்தாளால் பதிப்பகத்துக்குப் பயனில்லை. இடத்தை அடைக்கும் குப்பை என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. வெட்டி எறிந்தனர், அலுவலகம் காண வந்த சிறுவர்க்குக் கொடுத்தனர், கிடங்குகளில் அடுக்கி மறந்தனர். பேட்மேன் கதைகளை வரைந்த ஜெரி ராபின்சன் போன்றார் சிலர் 1940-களிலேயே, எறியப்பட இருந்தவற்றைக் கேட்டுப் பெற்றுக் காத்தமையால் அக்காலத்து மேலட்டை மூலங்கள் சில இன்று காணக் கிடைக்கின்றன. வரைந்தவனுக்கே தாளைத் திருப்பித் தரவேண்டும் என்னும் முழக்கம் 1970-களில் வலுத்தது. நீல் ஆடம்ஸ் முன்னின்றார். கதையை அச்சிடும் உரிமையைப் பதிப்பகம் விலைக்கு வாங்கியிருக்கலாம். தாள் என்னும் பொருளையும் வாங்கிற்றா என்பதே அவர்தம் வினா. அப்பத்தாண்டில் பெரும் பதிப்பகங்கள் இரண்டும் புதிய தாள்களைத் திருப்பித் தரத் தொடங்கின. பழந்தாள்களின் வழக்கு நின்றது.

அவ்வழக்கின் நடுவில் நின்றவர் ஜாக் கர்பி. 1917-இல் நியூயார்க்கு நகரின் ஏழை யூதக் குடும்பத்திற் பிறந்து, முறையான ஓவியப் பயிற்சியின்றித் தாமே கற்றுத் தேர்ந்தவர். ஜோ சைமனோடு சேர்ந்து ‘கேப்டன் அமெரிக்கா’வைப் படைத்து, 1941 மார்ச்சு இதழின் மேலட்டையில் அவ்வீரன் ஹிட்லரின் தாடையிற் குத்துவதாக வரைந்தார், அமெரிக்கா போரில் இறங்காத காலம் அது. 1961 முதல் மார்வெல் பதிப்பகத்தில் ஸ்டான் லீயுடன் ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’, ‘ஹல்க்’, ‘தோர்’ முதலிய கதைகளை ஆயிரக்கணக்கான தாள்களில் வரைந்து குவித்தார். 1984-இல் மார்வெல் பழந்தாள்களைத் திருப்பித்தர முன்வந்தபோது, ஏனைய ஓவியர்க்கு ஒரு பக்க ஒப்பந்தம் அனுப்பிற்று. கர்பிக்கு மட்டும் நான்கு பக்கம். அத்தனைக்கும் கையொப்பமிட்டால் அவர்க்குக் கிடைக்க இருந்தவை 88 தாள்களே. அவர் மறுத்தார். அவர் வரைந்த வேறு தாள்கள் அந்நாளிலேயே சந்தைகளில் விலைக்கு வைக்கப்பட்டிருந்தன. கிடங்கிலிருந்து எவ்வழியோ வெளியேறியவை. உடன் தொழில்புரிவோர் பலர் கையொப்பமிட்டு அவர்க்காக முறையிட்டனர். இறுதியில் 1987-இல் ஏறத்தாழ 1,900 தாள்கள் அவர் கைக்கு வந்தன. 1994-இல் அவர் காலமானார்.

அத்தாள்களின் அருமை விலையில் மட்டும் அடங்குவதன்று. கர்பி படம் வரைந்தபின்னரே லீ உரையாடல் எழுதுவது மார்வெல் வழக்கம். ஆதலின் ஒவ்வொரு படத்திலும் நிகழ்வது இன்னதென்று கர்பி விளிம்பிற் பென்சிலால் எழுதி வைத்தார். அச்சிட்ட ஏட்டில் அவ்விளிம்பு இல்லை. 1966-இல் ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ நாற்பத்தெட்டாம் இதழில் தோன்றிய ‘சில்வர் சர்ஃபர்’ என்னும் விண்வீரன், கர்பி தாமே வரைந்து சேர்த்தவன். அவனைத் தாள்களிற் கண்டபின்னரே தாம் அறிந்ததாக லீயே கூறியிருக்கின்றார். கதையில் யார் பங்கு எவ்வளவு என்று ஆராய்வார்க்கு இன்று அவ்விளிம்புகளே சான்று. உரையாசிரியர் பெயரும் காலமும் அறிய ஏட்டுச்சுவடியின் ஓரங்களைத் துருவும் எம் பேராசிரியரிடம் இதைச் சொன்னபோதுதான் அவர் நகையாமல் நாற்காலியை முன்னே இழுத்து அமர்ந்தார்.

இவற்றையெல்லாம் படித்திருந்த நிலையிற்றான் மாமாவின் அழைப்பு வந்தது. ஒகையோவில் இரண்டு நாள் நடந்த சித்திரக்கதைச் சந்தை அது. அவர்க்குச் சனிக்கிழமை இரவு, எனக்கு ஞாயிறு காலை, ஆராதனைக்குப் புறப்படும் நேரம். 1960-களில் வரைந்த மூலத்தாள் ஒன்று விலைக்கு இருக்கின்றது என்றார். ஓவியர் கர்பி அல்லர். அவ்வளவு புகழ்பெறாத மற்றொருவர். இரண்டாண்டு சேமித்த தொகை அப்படியே ஆகும். தாளைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். பார்த்த மாத்திரத்தில் எனக்கும் மூச்சு நின்றது. ஒரு வீரன் மழையில் தனித்து நடந்து செல்கின்றான். மழை முழுதும் தூரிகையின் ஒரே இழுப்பில் விழுந்த கோடுகள். “விற்பவர்க்கு இது எப்படிக் கிடைத்ததாம், மாமா?” என்று கேட்டேன். “நானும் கேட்டேன். வெகுநாளைக்கு முன்னே ஒருவரிடம் வாங்கினேன் என்கிறார், அந்த ஒருவர் யாரென்று சொல்லவில்லை” என்றார்.

வரைந்தவர் தம் தாளொன்றும் தமக்குத் திரும்பவில்லையென்று வருந்தியதாக யாம் இருவரும் படித்திருந்தோம். ஆதலின் வேண்டா என்றேன். மாமா எளிதில் விடவில்லை. “மாப்பிள்ளை, நீ சொல்கிற நியாயம் எனக்கும் தெரியும். ஆனால் கிடங்கிலே கிடந்திருந்தால் இது என்ன ஆகியிருக்கும்? வெட்டிப் போட்டிருப்பார்கள். எடுத்தவன் கள்ளனாகவே இருக்கட்டும்; அந்தக் கள்ளன் இல்லையென்றால் இந்த மழையை இன்று நீயும் நானும் பார்க்க முடியுமா? நான் வாங்காவிட்டால் வேறொருவர் வாங்கப்போகிறார். என்னிடம் இருந்தாலாவது பத்திரமாக இருக்கும்” என்றார். அவர் கூற்றில் முதற்பகுதிக்கு விடைகூற என்னால் இன்றும் இயலவில்லை. உரியவர் அழிக்க, உரிமையற்றவர் காத்தது இக்கலையின் வரலாற்றில் மெய்யே. ஆயினும் காத்ததனால் உரிமை வந்துவிடுமோ? எரியும் வீட்டிலிருந்து அயலார் குழந்தையைத் தூக்கி வந்தவன் நன்றிக்குரியவன், குழந்தை அவனுடையதாகாது. இதைச் சொன்னேன். “குழந்தை வேறு, தாள் வேறு” என்றார் மாமா. “வரைந்தவரிடம் கேட்டுப் பாருங்கள்” என்றேன். அவர் இறந்து பல ஆண்டாயிற்று. மக்கள் எங்கிருக்கின்றனர் என்பதை எவரும் அறியார். மறுமுனையில் நெடுநேரம் பேச்சில்லை. அம்மா வாசலில் நின்று, கோயில் மணி அடித்துவிட்டது என்று கூப்பிட்டார்.

ஒருவர் வேறு வழியும் காட்டியிருக்கின்றார். ஸ்பைடர்மேன் முதன்முதல் தோன்றிய 1962 ஆகஸ்டு மாதத்து ‘அமேசிங் ஃபென்டசி’ பதினைந்தாம் இதழுக்காக ஸ்டீவ் டிட்கோ வரைந்த மூலத்தாள்கள் 24-உம் ஒருவர் கையிலேயே சிதறாமல் இருந்தன. 2008-இல் அவர் அவற்றை வாஷிங்டனில் உள்ள காங்கிரஸ் நூலகத்துக்கு நன்கொடையாக அளித்தார். தம் பெயரை வெளியிடலாகாது என்பது மட்டுமே அவர் வேண்டுகோள். விற்றிருந்தால் எவ்வளவு பெற்றிருப்பார் என்பதற்கு ஓர் அளவு கூறலாம்: 1984-ஆம் ஆண்டைச் சேர்ந்த ஸ்பைடர்மேன் மூலத்தாள் ஒன்றே ஒன்று 2022-இல் 33 இலட்சத்து 60 ஆயிரம் டாலர் பெற்றது. மாமா வாழும் கொலம்பஸ் நகரிலேயே, ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1977-இல் தொடங்கிய சித்திர நூலகம் ஒன்றுண்டு; பில்லி அயர்லாந்து என்னும் ஓவியர் பெயரால் வழங்குவது. அங்கே படிப்பறையில் அமர்ந்து கேட்டால் மூலத்தாளை எடுத்துவந்து மேசைமேல் விரித்துக் காட்டுவர். எப்படி வந்ததென்று அறியாத தாளுக்கு அத்தகைய இடமே தகும் என்பது என் கருத்து. அங்கே அதை எவரும் தம்முடையது எனச் சொல்லார், எவரும் காணலாம். மாமாவுக்கு இஃது உடன்பாடன்று. இரவு உறங்குமுன் ஒருமுறை பார்ப்பதற்கு ஒரு தாளேனும் வீட்டிற் சுவரில் வேண்டும் என்பார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் சந்தைக்குப் போனபோது மழைத்தாள் விலைபோகாமலே இருந்தது. வாங்கவில்லை. மாலைக்குள் வேறொருவர் வாங்கிச் சென்றார். ‘உன் பேச்சைக் கேட்டுக் கெட்டேன்’ என்று இன்றளவும் தொலைபேசியைக் கையிலெடுத்தவுடன் முதற்கண் இதையே கூறுகின்றார். அன்று வெறுங்கையோடு திரும்ப மனமின்றி, அச்சந்தையின் மூலையொன்றில் தாம் வரைந்தவற்றைத் தாமே விற்றுக்கொண்டிருந்த முதிய ஓவியரிடம் சிறுதொகைக்கு ஒரு தாள் வாங்கினார். 1980-களில் வெளிவந்து இரண்டாண்டில் நின்றுபோன கதையொன்றின் பக்கம். பதிப்பகமே அவர்க்குத் திருப்பித் தந்தது. அவ்வோவியர் அதன் கீழே கையொப்பமிட்டுக் கொடுத்தார். அத்தாள் கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஊருக்கு வந்த உறவினர் ஒருவர் வழியாக, இரண்டு கெட்டி அட்டைக்கு நடுவே, என் கைக்கு வந்து சேர்ந்தது.

ஆறு படங்கள் உள்ள பக்கம் அது. போர் இல்லை. வீரன் முகமூடியைக் கழற்றிச் சமையலறை மேசைமேல் வைத்து, தன் தாயோடு பேசுகின்றான். நான்காம் படத்தில் தாயின் கைவிரல்கள் வெள்ளைச் சாயத்தின்மேல் இரண்டாம் முறை வரையப்பட்டிருக்கின்றன. சாய்த்துப் பிடித்தால் முதற்கை அடியில் நிழல்போலத் தெரியும். மேல் விளிம்பில் நீலப் பென்சிலாற் பக்க எண்ணும், விளக்கு இன்னும் சிறிதாகட்டும் என்னும் பொருளில் ஒரு குறிப்பும் உள. கடைசிப் படத்தில் வீரன் பேசும் குமிழியில் ஒட்டியிருந்த தாள்துண்டு பசை வறண்டு கழன்றிருந்தது. துண்டில் உள்ளதும் அச்சிட்ட ஏட்டில் உள்ளதும் ஒன்றே: சீக்கிரம் திரும்பி வருவேன், அம்மா. துண்டுக்கு அடியில் எழுத்தர் முதலில் எழுதியதோ, போகவேண்டியிருக்கிறது, அம்மா.

இப்பாடபேதத்தைப் பேராசிரியரிடம் காட்டினேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இருமுறை பார்த்தார். எப்பாடம் சிறந்தது என்று அவர் வினவ, அடியிலுள்ளதே என்றேன் யான். அவர் துண்டிலுள்ளதே தாய்க்குச் சொல்லத்தக்கது என்றார். மாமாவைக் கேட்டால் துண்டை மீண்டும் ஒட்டிவிடச் சொல்கின்றார். ஓவியர் கையை விட்டுப் போகும்போது இருந்த நிலையே உண்மை நிலை என்பது அவர் துணிபு. பேராசிரியர் ஒட்டலாகாது என்கின்றார். துண்டு இப்போது தனி உறையில், தாளின் பின்னே, மழைக்காலம் கழியும்வரை என் அலமாரியின் மேல்தட்டில் இருக்கின்றது.